போக்கிடம்

"நாடு கெட்டுவிட்டது, இனி இங்கே இருந்து பயனில்லை" என்னும் சொல்லை நாம் எத்தனை இடங்களில் கேட்கின்றோம்! ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்வோர் கூறுகின்றனர். வியாழக்கிழமைதோறும் எங்கள் அய்யலூரில் கூடும் ஆட்டுச் சந்தையில் தேநீர் அருந்துவோர் கூறுகின்றனர். பட்டம் பெற்ற இளைஞர்களோ எல்லாரினும் உரக்கக் கூறுகின்றனர். ஆட்சியில் நேர்மை குன்றி, சட்டம் ஆளுக்கொரு முகம் காட்டி, அண்டை வீட்டார் ஒருவரையொருவர் ஐயுறும் காலம் வருமாயின், அந்நாட்டைத் துறந்து வேறெங்கேனும் வாழலாமே என எண்ணுவது மனித இயல்பு. எண்ணுவது எளிது. அவ்வாறு புறப்பட்டோர் என்ன ஆயினர் என்பதைத்தான் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

அண்மையில் என் மகள் வயிற்றுப் பேரன் இதே சொல்லுடன் என்னிடம் வந்தான். பொறியியல் கற்றவன், அறிவுள்ள பிள்ளை. "நன்னா, நாடு போகிற போக்கைப் பார்த்தீர்களா? எங்கேயாவது போய்விட வேண்டும். புளியந்தோப்பில் அம்மாவின் பங்கை விற்றுத் தாருங்கள், எனக்காகத் துஆவும் செய்யுங்கள்" என்றான். "எங்கே போவாய்?" என்று வினவினேன். "எங்கேயாவது" என்றான் மீண்டும். அச்சொல் என் நெஞ்சில் தைத்தது. அவனுக்கு விடையாக, அதே தோப்பை நம்பி ஊர் திரும்பிய என் பெரியத்தாவின் வரலாற்றைச் சொன்னேன்.

இரண்டாம் உலகப் போர் ஓய்ந்தபின் இரங்கூன் சென்று, மொகல் தெருவில் துணிக்கடை வைத்து முன்னேறியவர் அவர். 1948 ஜனவரி 4ஆம் நாள் பர்மா விடுதலை பெற்றது. அந்நாட்டில் நெடுங்காலம் வாழ்ந்த இந்தியர் குடியுரிமை கோரி விண்ணப்பிக்க வழியிருந்தது. "நமக்குத்தான் அய்யலூர் இருக்கிறதே!" என்று பெரியத்தா வாளாவிருந்துவிட்டார். அயல்நாட்டார் பதிவேட்டில் அவர் பெயர் ஏறியது. வணிகம் செழித்த நாளில் அதனால் குறையொன்றும் தோன்றவில்லை.

1962 மார்ச் 2ஆம் நாள் தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். அரசியல் சட்டம் ஒதுக்கப்பட்டது, நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. போக்கை உணர்ந்த நண்பர்கள், "புறப்பட்டுவிடுங்கள்" என்றனர். பெரியத்தாவும் உணர்ந்தார். ஆயினும் எங்ஙனம் புறப்படுவது? கடை நிறையச் சரக்கு; ஊர் நிறையக் கடன் நிலுவை. நாட்டைவிட்டு நீங்க அரசின் அனுமதி வேண்டும். வரி பாக்கியில்லை என்னும் சான்று வேண்டும். பணத்தை ஊருக்கு அனுப்பவும் தடை. நிலுவையைத் தண்டினால் போகலாம். போகப்போகிறார் என்று தெரிந்தாலோ எவரும் நிலுவையைத் தரமாட்டார். இவ்வாறே ஈராண்டு கழிந்தது.

1963இல் வங்கிகள் அரசுடைமையாயின. 1964 மார்ச்சில் கடைகளும் அரசின் கைக்குச் சென்றன. அவ்வாண்டு மே 17ஆம் நாள் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாவென அறிவிக்கப்பட்டன. பெரியத்தா பெட்டியில் பூட்டி வைத்திருந்த பணம் ஒரே நாளில் வெறுந்தாளாயிற்று. இரும்புப் பெட்டியின் சாவி கையிலிருக்க, படுக்கைச் சுருள் ஒன்றுடன் கப்பலேறினார். அந்தச் சில ஆண்டுகளில் பர்மாவை நீங்கிய இந்தியர் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் என்பர்.

சென்னையில் இறங்கி, இரயிலேறித் திண்டுக்கல் வந்து, அங்கிருந்து அய்யலூர் சேர்ந்த அவரை நான் சிறுவனாய்க் கண்டேன். வீட்டில் ஓர் அறை அவருக்காகக் காத்திருந்தது. கிணறும், புளியந்தோப்பில் பங்கும், "வாங்க காக்கா" என்றழைக்கத் தம்பிமாரும் இருந்தனர். சில மாதங்களில் சந்தைக்கு ஆடு ஓட்டலானார். இரங்கூனைப் பற்றிக் கேட்டால், தாம் இழந்ததைச் சொல்லமாட்டார். அடுத்த கடைக்காரரைப் பற்றியே சொல்வார்.

"அந்த மனிதர் இரங்கூனிலேயே பிறந்தவர். அவருடைய பாட்டனார் எந்த ஊரிலிருந்து வந்தார் என்பதுகூட அவருக்குச் சரியாகத் தெரியாது. என்னோடு அதே கப்பலில் வந்து சென்னையில் இறங்கினார். நான் இரயிலடிக்கு வழி கேட்டேன், அவரோ எந்த ஊருக்கு வழி கேட்பது என்று தெரியாமல் நின்றார்" என்பார் பெரியத்தா. அத்தகையோருக்கு அரசு வியாசர்பாடி போன்ற இடங்களில் குடியிருப்பு அமைத்துத் தந்தது. சென்னைத் துறைமுகத்தை அடுத்து 1969இல் பர்மா பஜார் எழுந்ததும் அவர்தம் பிழைப்புக்காகவே. பொருளை இழந்தவரும் ஊரை இழந்தவரும் ஒரே கப்பலில் வரலாம்; இறங்கியபின் அவர்கள் செல்லும் வழிகள் வெவ்வேறு.

நம் சமுதாயத்தார் பயணத்துக்கு அஞ்சியவரல்லர். பர்மா, மலேயா, இலங்கை, வளைகுடா எனச் சென்று பொருளீட்டியவர். ஆனால் அப்பயணங்களுக்கெல்லாம் பின்னே ஓர் ஊர் அசையாமல் நின்றது. 1990 ஆகஸ்ட் 2ஆம் நாள் ஈராக்கியப் படை குவைத்தில் புகுந்தது. அங்கிருந்த இந்தியருள் ஒரு இலட்சத்து எழுபதாயிரம் பேரளவில் ஜோர்தான் நாட்டு அம்மான் நகர் வழியாக விமானங்களில் மீட்டு வரப்பட்டனர். மீட்பதற்கு ஓர் அரசும், மீண்டு சேர்வதற்கு ஓர் ஊரும் இருந்தமையால் அது இயன்றது. பொருள் தேடிப் போகிறவன் ஊரைத் துணையாகக் கொண்டு போகிறான். ஊரே கெட்டதென்று போகிறவனுக்கோ அத்துணையும் இல்லை. ஆகவே அவனை ஏற்பார் வேறெவரேனும் இருந்தாக வேண்டும்.

இதனை மறந்ததால் விளைந்த துயருக்கு 1920ஆம் ஆண்டின் ஹிஜ்ரத் இயக்கமே சான்று. கிலாஃபத் கிளர்ச்சியின்போது, ஆங்கிலேயர் ஆளும் மண்ணில் வாழலாகாது என்று சிந்து, பஞ்சாப், எல்லைப்புற மாகாணப் பகுதிகளிலிருந்து பல்லாயிரம் முஸ்லிம்கள் ஆப்கானிஸ்தானை நோக்கிப் புறப்பட்டனர். நிலத்தையும் கால்நடையையும் வந்த விலைக்கு விற்றனர். முதலில் வரவேற்பு மொழி கூறிய அமீர் அமானுல்லாஹ், திரளைக் கண்டு மலைத்து, ஆகஸ்ட் மாதத்தில் வருகையை நிறுத்தினார். அவ்வளவு பேருக்குச் சோறும் இடமும் தர அவர் நாட்டில் வசதியில்லை. கைபர் கணவாய் வழியே திரும்பியோர் பலர்; பசியாலும் நோயாலும் மாண்டோரும் உளர். ஊர் மீண்டவர்கள் தம் நிலத்தில் பிறர் உழுவதைக் கண்டனர்.

அவர்களுடைய ஈமானில் குறை காண நமக்கு உரிமையில்லை. எனினும் ஹிஜ்ரத் என்னும் அச்சொல்லின் வரலாறே ஓர் ஒழுங்கைக் கற்பிக்கவில்லையா? மக்காவில் தோழர்கள் வதையுற்றபோது, நீதி தவறாத மன்னர் ஒருவர் இருக்கின்றார் என்று சுட்டியே பெருமானார் (ஸல்) அவர்கள் அபிசீனியாவுக்கு அனுப்பினார்கள். மதீனாப் பயணத்துக்கு முன்னும் அகபாவில் அந்நகரத்தார் எழுபதுக்கும் மேற்பட்டோர், காப்போம் என்று கைகொடுத்து உறுதி கூறியிருந்தனர். ஏற்போர் முதலில், ஏகுதல் பின்னர். முஹாஜிர்களின் பெயரை உரைக்கும் நாவு அன்சாரிகளின் பெயரையும் சேர்த்தே உரைப்பது இதனாலன்றோ?

இவ்வளவும் கேட்ட என் பேரன் நெடுநேரம் வாய் திறக்கவில்லை. பிறகு, "போகவே வேண்டாம் என்கிறீர்களா?" என்றான். "போ, ஆனால் 'எங்கேயாவது' போகாதே. எந்த நாடு, என்ன வேலை, எத்தனை ஆண்டில் அங்கே நிலையாய்த் தங்கும் உரிமை கிட்டும், உன் பிள்ளை அங்கே பிறந்தால் யாராகக் கருதப்படும் என்பனவற்றை எழுதிக்கொண்டு வா. துஆ இன்றே செய்கிறேன். தோப்பை மட்டும் விற்கச் சொல்லாதே, உன் பெரியத்தா பாட்டனார் அதன் நிழலில்தான் மறுபடி எழுந்து நின்றார்" என்றேன். அவன் இப்போது அக்கணக்கை எழுதிக்கொண்டிருக்கிறான்.

போகிறவர்களைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், நம்மை நாடி வந்தவர்களை மறந்துவிடலாகாது. 2022இல் இலங்கையின் பொருளாதாரமும் ஆட்சியும் நிலைகுலைந்தபோது, வசதி படைத்தோர் கொழும்பில் கடவுச்சீட்டுக்கு வரிசையில் நின்றனர். வகையற்ற தமிழ்க் குடும்பங்கள் இருந்த நகையை விற்றுப் படகுக்குக் கொடுத்து, கைக்குழந்தைகளுடன் தனுஷ்கோடியை அடுத்த மணல் திட்டில் இறக்கிவிடப்பட்டன. அவர்களுக்கு முன்பே, 1983 முதல் வந்தோர் தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் வாழ்கின்றனர். எங்கள் திண்டுக்கல்லை அடுத்த தோட்டனூத்தில் 2022 செப்டம்பரில் அவர்களுக்கென 321 புதிய வீடுகள் திறக்கப்பட்டன. தகரக் கூரையின் கீழ் வெந்தவர்களுக்கு அது பேருதவியே.

வீடு கிடைத்தது, நாடு இன்னும் கிடைக்கவில்லை. 1987 ஜூலை 1ஆம் நாளுக்குப் பின் இந்தியாவில் பிறந்த குழந்தைக்கு, பெற்றோரில் ஒருவரேனும் இந்தியக் குடியுரிமை உடையவராய் இருந்தாலன்றிப் பிறப்பால் குடியுரிமை இல்லை. 2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தில் இலங்கை இடம்பெறவில்லை, முஸ்லிம்களும் இடம்பெறவில்லை. ஆகவே இம்மண்ணில் பிறந்து, நம் பிள்ளைகளோடு ஒரே பாடநூலைப் படித்து, பட்டமும் பெற்ற இளைஞன் ஒருவன், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது 'நாடு' என்னும் இடத்தில் என்ன எழுதுவதென்று திகைக்கின்றான். பெரியத்தாவின் அடுத்த கடைக்காரர் துறைமுகத்தில் நின்ற நிலை அதுவே.

நம் பிள்ளைகளுக்கு அயல்நாட்டார் கதவு திறக்க வேண்டுமென்று துஆச் செய்யும் நாம், தோட்டனூத்துப் பிள்ளைகளுக்கு நம் நாட்டுக் கதவு திறக்க வேண்டுமென்று ஒருநாளேனும் குரல் கொடுத்ததுண்டா? அவர்களுள் ஒருவனுக்கு நம் கடையில் வேலை தரலாம். அவர்களுக்குக் குடியுரிமை கோரும் மனுவில் நம் ஜமாஅத்தார் கையெழுத்திடலாம். வாக்குக் கேட்டு வருவோரிடம் இக்கேள்வியை வைக்கலாம். இவை நம் கைக்கு எட்டிய காரியங்கள், அவற்றைச் செய்வோமாக.