ஆயாவின் கறுப்பு ஆடு

பாகூரில் எங்கள் தெருவில் ஓர் ஆயா இருந்தாள். எழுதப் படிக்கத் தெரியாது. மகன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தான். அவனுக்குக் கடுதாசி எழுதிக் கொடுப்பதும், அவன் போடுவதைப் படித்துச் சொல்வதும் சிறுவனாகிய என் உத்தியோகம். கூலி, ஒரு பிடி வேர்க்கடலை.

மகளின் பிரசவத்துக்காக வில்லியனூரில் வளையலை அடகு வைத்த சங்கதியை ஒரு தடவை எழுதச் சொன்னாள். "தம்பி, இது உன் வயித்தோட இருக்கட்டும்" என்றாள். இருக்கவில்லை. அம்மாவிடம் சொன்னேன், சாயங்காலத்துக்குள் ஆயாவின் மருமகள் தெருவில் நின்று கத்தினாள். ஆயா என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

மகன் லீவில் வந்து போன பிறகு கடுதாசியின் பாஷையே மாறிவிட்டது. "கறுப்பு ஆடு ரெண்டு குட்டி போட்டுதுன்னு எழுது" என்பாள். ஆயாவிடம் ஆடே கிடையாது! எழுதினேன். தனக்கு மனப்பாடமாகிவிட்ட பழைய கடுதாசி ஒன்றைப் புதிதுபோல நீட்டிப் படிக்கவும் சொல்வாள். நான் ஒழுங்காகப் படிக்கிறேனா என்று பரீட்சை!

இத்தனை காலம் கழித்து அவள் நினைவு வரக் காரணம் குவாண்டம் கணிப்பொறி. அது வீட்டில் வைத்துக்கொள்ளும் சாமான் அல்ல. எங்கோ தூரத்தில் இருக்கும். 2016-இல் ஐ.பி.எம். கம்பெனி தன் பொறியொன்றை இணையத்தின் வழியே பொதுஜனங்களுக்குத் திறந்துவிட்டது. நம் சர்க்காரும் 2023-இல் இந்தத் துறைக்கென்று சுமார் 6,003 கோடி ரூபாய்க்குத் திட்டம் போட்டது. நாளைக்கு நம்முடைய அந்தரங்கக் கணக்குகளும் அங்கே போகலாம். பொறியின் சொந்தக்காரர் எட்டிப் பார்க்கமாட்டார் என்பதற்கு என்ன ஜாமீன்?

ஆன் பிராட்பென்ட், ஜோசப் ஃபிட்ஸ்சைமன்ஸ், எல்ஹாம் கஷேஃபி ஆகிய மூவர் 2009-இல் ஒரு வழி சொன்னார்கள். கணக்குக் கொடுப்பவர் ஒவ்வோர் ஒளித்துகளையும் தாம் மட்டும் அறிந்த கோணத்தில் திருகி அனுப்புகிறார். பொறிக்கு இடும் கட்டளையிலும் அந்த ரகசியக் கோணத்தைக் கலந்துவிடுகிறார். பொறி வேலையைச் செய்கிறது. என்ன வேலை என்று அதற்குத் தெரியாது. 2012-இல் வியன்னாவில் ஒரு சிறு கணக்கை இப்படி மறைத்துச் செய்தும் காட்டினார்கள். விடை முன்பே தெரிந்த சோதனைகளை நடுநடுவே ஒளித்துவைத்தால், பொறி ஏமாற்றுகிறதா என்றும் கண்டுகொள்ளலாமாம். ஆயாவின் பழைய கடுதாசிதான்!

படித்ததும் வியப்போடு வெட்கமும் வந்தது. ஆயா முதலில் என்னைத்தான் நம்பினாள். அந்த நம்பிக்கை பொய்த்த பிறகுதான் ஆடு வளர்க்க ஆரம்பித்தாள்.

கறுப்பு ஆடு என்றால் என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாமலிருப்பதே நியாயம்.