கராஜுக்குள் ஒரு ரேஸ்

இங்கிலாந்தில் ஐம்பது தாண்டிய ஆசாமி யாரிடமாவது ‘ஸ்கேலெக்ஸ்ட்ரிக்’ என்று சொல்லிப் பாருங்கள். முகம் அப்படியே பத்து வயதுக்குப் போய்விடும். 1957-ல் ஃப்ரெட் ஃபிரான்சிஸ் என்பவர் கொண்டுவந்த விளையாட்டு. பாதை நடுவே ஒரு காடி. காருக்கு அடியில் இருக்கும் சின்ன நாக்கு அதில் இறங்கி ஓடும். காடியின் இரண்டு பக்கமும் மின்சாரம். கையில் ஒரு விசை. அழுத்தினால் வேகம், விட்டால் பிரேக். ஸ்டியரிங் கிடையாது!

லெஸ்டரில் இருக்கும் என் மாமா பையன் இந்தப் பாதையை மரத்திலேயே செய்துகொண்டிருக்கிறான். விவாகரத்தாகி மூன்று வருஷம். பன்னிரண்டு வயசு மகன், ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை வருவான். ராத்திரி தங்கல், மறுநாள் மதியம் கிளம்பல். கோர்ட் கணக்கு.

“கடையில ரெடிமேட் பிளாஸ்டிக் பாதை கிடைக்குதே, ஏன்டா இந்தப் பாடு?” என்றேன்.

“அதுல ஒவ்வொரு ஜாயின்ட்லயும் கரன்ட் குறையும் அத்தான். இது ஒரே ஓட்டம்!”

18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். பலகை. வளைவு வரைய, வளையக்கூடிய பிளாஸ்டிக் பட்டையைத் திருகி வைத்து, அதை ஒட்டியே ரூட்டர் மெஷினை நகர்த்துகிறான். 3 மில்லிமீட்டர் அகலத்தில் காடி விழுகிறது. தூசி என்றால் அப்படி ஒரு தூசி. மாஸ்க் போடாமல் உள்ளே விடமாட்டேன் என்கிறான். பெயின்ட் காய்ந்ததும் காடியின் இரு ஓரத்திலும் செம்பு டேப். அதன் நுனியில் ஒயரைப் பற்றவைத்து அடியில் இறக்கினால் 12 வோல்ட்.

இரண்டு லேனும் எட்டு மாதிரி பாலம் போட்டுக் குறுக்கே போகின்றன. வெறும் வட்டமாக இருந்தால் உள்பக்கத்துக் காருக்குத் தூரம் குறைவு. “தோத்தா, ‘அப்பா நல்ல லேனை எடுத்துக்கிட்டார்’னு சொல்லக் கூடாதில்ல” என்றான்.

எனக்கு ஆச்சரியம் தந்தது காந்த சமாசாரம்தான். பிளாஸ்டிக் பாதையில் இரும்புத் தண்டவாளம். காரின் வயிற்றில் காந்தம். வளைவில் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாலும் ஒட்டிக்கொண்டு போகும். செம்பில் காந்தம் ஒட்டாது. வளைவுக்கு முன்பே விரலைத் தளர்த்தாவிட்டால் கார் பறந்து தரையில் விழும். பையன் முதல் நாள் பதினேழு தடவை விழுந்து, ரிமோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போய்விட்டானாம். “முடிஞ்சுதுன்னு நெனச்சேன் அத்தான். ராத்திரி ரெண்டு மணிக்குக் கராஜ்ல லைட் எரியுது. தனியா ஓட்டிப் பழகறான்.”

நான் பி.காம். படித்தவன், புத்தி அப்படித்தான் போகும். பிளாஸ்டிக் பாதையைப் பெட்டியில் மடக்கி ‘அம்மா வீட்ல வெச்சு ஆடிக்கறேன்’ என்று எடுத்துப் போய்விடலாம். எட்டடி பலகையை எடுத்துப் போக முடியாது. ஆட வேண்டுமென்றால் இங்கேதான் வரணும். அதைச் சொன்னேன். பதில் சொல்லாமல் டேப்பை நகத்தால் நீவிக்கொண்டே இருந்தான். கேட்டிருக்க வேண்டாமோ என்னவோ. ஆனால், தப்பான கணக்கு என்று எனக்கு இப்போதும் தோன்றவில்லை.

சனிக்கிழமை பையன் வந்தான். எனக்கு ஒரு “ஹாய் மாமா”, அப்பாவுக்கு அதுவும் இல்லை. நேரே கராஜ். ஆறு ரேஸில் நாலு அவனுக்கு. ஞாயிறு கிளம்பும்போது ஷூ லேஸ் கட்டிக்கொண்டே, “மூணாவது லேன் போட முடியுமாப்பா? அடுத்த தடவை என் ஃப்ரெண்டையும் கூட்டிட்டு வரட்டா?” என்றான்.

பலகையில் இடமே இல்லை. ராத்திரி பதினோரு மணிக்கு அளவு டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்துவிட்டு, வாஷிங் மெஷினை எங்கே நகர்த்துவது என்று பார்த்துக்கொண்டிருந்தான்.