ஊதாத மூச்சு

ராத்தாவின் மூத்த மகன் வெள்ளவத்தையில் ஆட்டோ ஓட்டுகிறான். ஐவேளைத் தொழுகையில் சில தவறும். ஆனால் மதுவை வாயில் வைத்தவனல்லன். மாமன் என்ற பாசத்தில் இதைச் சொல்லவில்லை. பாடசாலை விடுமுறைகளில் அவனுடைய அறையில்தான் நான் தங்குவது வழக்கம்.

ஓரிரவு கொட்டாஞ்சேனையில் அவன் ஏற்றிய பயணி நன்றாகக் குடித்திருந்தார். வண்டி முழுக்கச் சாராய வாடை. வழியில் பொலிஸார் மறித்துப் பலூனை ஊதச் சொன்னார்கள். இவன் மறுத்துவிட்டான். டொக்டரிடம் போவோம் என்றதற்கும் மாட்டேன் என்றிருக்கிறான்.

"வாயில வைக்காத சாமானுக்கு நான் ஏன் மாமா ஊதோணும்? தொப்பியும் போட்டிருந்தன். பாத்தாத் தெரியாதா?"

எங்களிற் பலருக்கு இந்த எண்ணம் உண்டு. ஊதுவதே குடிகாரனுக்குரிய காரியம், முஸ்லிமைக் கேட்பது அவமானம் என்று. இன்னொன்றையும் வெட்கத்தோடு சொல்லவேண்டும். ஊத மறுப்பது சாரதியின் உரிமை என்று ஒருதரம் அவனிடம் சொன்னவன் நான்தான். எங்கோ காதில் விழுந்தது. வாத்தியார் சொன்னால் சரியாயிருக்கும் என்று அவன் நம்பிவிட்டான்.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் அப்படியோர் உரிமை இல்லை. பொலிஸார் சந்தேகப்பட்டுக் கேட்டால் மூச்சுப் பரிசோதனைக்கோ அரசாங்க வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்கோ சாரதி உட்பட்டேயாக வேண்டும். இரத்தத்தின் 100 மில்லிலீற்றருக்கு 80 மில்லிகிராம் மதுசாரம் என்பதே எல்லை. ஒரு துளியும் குடியாதவனுக்கு அந்தப் பலூனைவிட நல்ல சாட்சி ஏது? அதை அவனே தட்டிவிட்டான்.

உரிமைகள் வேறிடத்தில் இருந்தன. கைதுக்கான காரணத்தைச் சொல்லவேண்டும், சட்டத்தரணி மூலம் வழக்காடலாம் என்கிறது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை. நீதிமன்ற மொழி விளங்காவிட்டால் மொழிபெயர்ப்புக் கேட்கலாம் என்கிறது 24ஆம் உறுப்புரை. இவன் ஒன்றையும் கேட்கவில்லை.

நீதிமன்ற வாசலில் நின்ற யாரோ ஒருவர், "ஒப்புக்கொண்டு காசக் கட்டு, ஸ்பொட் ஃபைன் மாதிரித்தான்" என்று சொல்லியிருக்கிறார். தபாற்கந்தோரில் கட்டிவிட்டு மறக்கிற தண்டமல்ல இது, நீதவானின் தீர்ப்பு. சிங்களத்தில் வாசித்த குற்றச்சாட்டுக்கு இவன் "ஓம்" என்று தலையாட்டிவிட்டான். 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி தண்டம் 25,000 ரூபாவுக்குக் குறையாது. லைசனும் ஆறு மாதம் போயிற்று.

கடன்பட்டுக் காசைக் கட்டினோம். ராத்தாவுக்கு அது பெரிதாகப் படவில்லை.

"காசு போனாப் போகட்டும் தம்பி. குடிச்ச எண்டு அவன்ட வாயாலயே சொல்லிட்டு வந்திருக்கானே!"

பேச்சுவார்த்தையிலிருந்த பெண்வீட்டார் அதன்பிறகு வரவில்லை. காரணமும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நான் அவனுக்குச் சொன்ன அந்த ‘உரிமை’யைப் பற்றி ராத்தாவிடம் சொல்ல எனக்கு மூன்று மாதம் பிடித்தது. கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்ற எழுந்து போய்விட்டார்.

லைசன் கிடைத்துச் சில வாரங்களில் ஓரிரவு கோல் எடுத்தான்.

"இண்டைக்கும் மறிச்சாங்க மாமா. ஊதினன். ரெண்டு நிமிசம்தான், போகச் சொல்லிட்டாங்க."