சீவலப்பேரியில் கலந்த நீர்

சீவலப்பேரியில் சிற்றாறு தாமிரபரணியோடு கலக்கும் இடத்தில் நின்றிருந்தோம். இயற்பியல் படித்த நண்பர் கேட்டார்: "இதற்குக் கீழே ஒரு கை நீரை அள்ளினால், எது குற்றாலத்து நீர், எது பொதிகை நீர் என்று சொல்ல முடியுமா?" இலக்கியம் பேசவே கூடும் எங்களுக்கு அது நல்லதோர் உவமை. ஆராய்ச்சியைப் பாதியில் விட்டுச் சென்னைக்கு மென்பொருள் வேலைக்குப் போன அவருக்கோ அது அணுக்கரு இயற்பியலின் பழைய கேள்வி.

இரண்டு அணுக்கருக்களை வேகமாக மோதவிட்டால் சில வேளை அவை ஒன்றாகி, கொதிக்கும் துளியாகின்றன. வெப்பம் ஆயிரம் கோடி பாகை அளவில் இருக்கும். துகள்களையும் காமாக் கதிர்களையும் உமிழ்ந்து அத்துளி ஆறுகிறது, சிலபோது பிளந்துபோகிறது. தான் உருவான வழியை அது மறந்துவிடுகிறது என்றார் நீல்ஸ் போர், 1936இல். எஸ்.என். கோஷல் என்ற இந்திய இயற்பியலாளர், பெர்க்லியில் செம்பின் மீது புரோட்டானையும் நிக்கலின் மீது ஆல்ஃபாத் துகளையும் மோதவிட்டு, இரு வழிகளிலும் ஒரே துத்தநாக அணுக்கருவை உண்டாக்கினார். இரண்டும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் சிதைந்தன என்று 1950இல் எழுதினார்.

அப்படியானால் எல்லாமே மறந்துபோகுமா என்று கேட்டோம். இல்லை என்றார் நண்பர். ஆற்றலும் சுழற்சியும் தங்கிவிடுகின்றன. சுழற்சி கூடும்போது துளி முதலில் இட்லிபோல் தட்டையாகிறது. ஓர் எல்லையைக் கடந்தால் வெள்ளரிக்காய்போல் நீள்கிறது. சுழலும் வானுருண்டைகளுக்காக 19ஆம் நூற்றாண்டில் யாக்கோபி கண்ட கணக்கின் வழி இது. கண்ணுக்கெட்டாத இந்த வடிவத்தை அறிய ஒரு வழி உண்டு. அணுக்கருவுக்குள் புரோட்டான்களும் நியூட்ரான்களும் எதிரெதிராக ஊசலாடும். நீண்ட அச்சில் மெதுவாக, குறுகிய அச்சில் விரைவாக. ஆகவே வெளிவரும் காமாக் கதிரின் ஆற்றல் பிரிந்து தெரியும்.

எங்களை நிமிரவைத்தது அடுத்த செய்தி. இந்தக் கணக்கைப் போட்ட இடங்களுள் ஒன்று நம் அபிஷேகப்பட்டி. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்து ஜி. சண்முகம், பி. ஆறுமுகத்துடனும் புவனேசுவரத்து எஸ்.கே. பத்ராவுடனும் இணைந்து 2004இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சூடான அணுக்கரு ஒரே வடிவில் நிற்காது, நடுங்கிக்கொண்டே இருக்கும். எனவே மிகுந்த வாய்ப்புள்ள வடிவம் ஒன்றை மட்டும் எடுத்தால் போதாது. இயலும் எல்லா வடிவங்களுக்கும், அதனதன் வாய்ப்புக்கேற்ப எடையிட்டுச் சராசரி காண வேண்டும். அவர்கள் செய்தது அதுதான்.

தென்காசிச் சாலையில் அந்தப் பல்கலைக்கழகத்தை எத்தனையோ முறை கடந்திருக்கிறோம். பெயர்ப்பலகையைக் கண்டதும் 1891இல் வெளிவந்த நாடகத்தைப் பற்றிப் பேசியிருக்கிறோமே தவிர, உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. தமிழ்மீது பற்றுக்கொண்ட எங்களுக்கு இது சிறிய வெட்கமில்லை.

"எல்லாம் மறந்துவிட்டது" என்று சொல்லிக்கொண்டே நண்பர் எங்கள் குறிப்பேட்டை வாங்கி இரண்டு மேடுகள் கொண்ட ஒரு கோட்டை வரைந்தார். அச்சுகளின் பெயரைக்கூட எழுதினார். அடுத்த கூட்டத்தில் அவர்தான் பேசுகிறார். தமிழில்தான் பேச வேண்டும் என்பது மட்டுமே எங்கள் நிபந்தனை.