விரல்கள் அறியும் நலம்

மேற்குத்தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த போடிநாயக்கனூர், ஏலக்காய் வணிகத்தால் பெயர்பெற்ற ஊர். மலைச்சரிவுகளில் விளையும் காய்கள் இங்குள்ள கிடங்குகளுக்கு வந்துசேரும். பருத்த காய், சிறுத்த காய், வெடித்த காய் என அவற்றைத் தரம் பிரிக்கும் பெண்களுக்குக் கண்ணைப் போலவே விரலும் துணைநிற்கும்.

அத்தொழிலில் பல்லாண்டு தேர்ந்த மூதாட்டி ஒருவர் எங்கள் தெருவில் வாழ்கிறார். நீரிழிவு நோய் அவருடைய பார்வையைப் பறித்துவிட்டது. தொட்டே காயின் தரம் கூறியவர், இன்று மாத்திரை உண்டாயிற்றா, இல்லையா என்று பேத்தியைக் கேட்க நேர்ந்தது. பார்வை இழந்ததினும் அவ்வாறு கேட்டுக்கேட்டு வாழ்வதே அவரைப் பெரிதும் வருத்தியது.

அவர் வீட்டில் பழைய பல்லாங்குழிப் பலகை ஒன்று இருந்தது. வரிசைக்கு ஏழு குழிகள். வாரத்திற்கும் ஏழு நாள்கள். ஒரு வரிசையைக் காலைக்கும் மற்றொன்றை இரவுக்கும் கொள்ளலாமே என்றேன். ஞாயிற்றுக்கிழமைக்குரிய காலைக் குழியின் ஓரத்தில் ஒரு வெட்டுக்குறி இட்டோம். முதலில் புளியங்கொட்டைகளைக் கொண்டு ஆட்டம் தொடங்கியது. “புதன் இரவு” என்பாள் பேத்தி. பாட்டி குறியிலிருந்து தடவிச்சென்று அக்குழியின் கொட்டையை எடுப்பார். குழி தவறினால் பேத்திக்கு வெற்றி. பேத்தி வெல்வது அரிதான பின்னரே, உறையோடு நறுக்கிய மாத்திரைகள் குழிகளில் இடம்பெற்றன. குழி வெறுமையாயின் மருந்து உண்டாயிற்று என்று விரலே கூறிவிடும்.

தொட்டுக் கற்பது புதிய வழியன்று. ஆறு புள்ளிகளால் எழுத்தமைத்தார் லூயி பிரெயில். 1890இல் ஆஸ்க்வித் அம்மையார் பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் கல்விக்கு வித்திட்டார். ஒலியெழுப்பும் பந்தைக் கொண்டு பார்வையற்றோர் ஆடும் கிரிக்கெட்டின் முதல் உலகக்கோப்பைப் போட்டி 1998இல் புதுதில்லியில் நடந்தது. மருந்துப் பெட்டிகளில் மருந்தின் பெயரைப் பிரெயில் எழுத்தில் பொறிக்க வேண்டுமென ஐரோப்பிய ஒன்றியம் 2004இல் விதி வகுத்தது. நம் ஊர்க் கடைகளில் அத்தகைய பெட்டியைக் காண்பது அரிது. அதுவரை ஆட்டப்பலகையேனும் உதவட்டும்.

உடல்நலம் கற்பிக்கும் ஆட்டத்திற்கு இரு பண்புகள் இன்றியமையாதவை. தவறு ஆட்டத்தோடு நின்றுவிட வேண்டும்; ஆடுபவர் தம் விடையைத் தாமே தொட்டு அறிய வேண்டும். மாணவர்களே, அத்தகைய ஆட்டம் ஒன்றை நீங்களும் உருவாக்குங்கள். கண்களைக் கட்டிக்கொண்டு முதலில் ஆடிப்பாருங்கள். பின்னர்ப் பார்வையற்ற ஒருவரை ஆடச்சொல்லி, அதன் குறைகளை அவர்வாயிலாகவே கேட்டுத் திருத்துங்கள்.