நிறம் மாறிய நிழற்படம்

உள்ளதை உள்ளவாறு காத்து வைப்பதே நிழற்படத்தின் பயன் என்று யான் நெடுநாள் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை என் கையாலேயே பொய்யாக்கிய நிகழ்ச்சி ஒன்றை இங்கே கூற விழைகின்றேன். சிறிய நிகழ்ச்சியே ஆயினும், கைப்பேசியிற் படமெடாத மாணவர் அரியராகிய இந்நாளில், அது பிறர்க்கும் பயன்படுமென்று நம்புகின்றேன்.

சென்ற ஆண்டு கிறிஸ்து பிறப்பு விடுமுறையில், தாமிரபரணிக் கரையிலுள்ள எங்கள் ஊருக்குச் சென்றிருந்தேன். ஒருநாள் மாலை, என் தாயாரின் அன்னையாகிய ஆச்சி திண்ணையில் அமர்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கரிய மேனி, அரக்குநிறச் சேலை, பின்னே வாழைத் தோட்டம். சாய்ந்த வெயில் அவர் நெற்றியிலும் கன்னத்திலும் மட்டும் பட்டது. அக்காட்சியைப் படமெடுத்தேன். திண்ணை நிழலாதலின் படம் சற்று மங்கலாகத் தோன்றவே, நண்பர் ஒருவர் அனுப்பியிருந்த 'பிரீசெட்' ஒன்றை அதன்மேல் ஏற்றினேன். நொடிப்பொழுதிற் படம் ஒளிபெற்றது. வீட்டார் அனைவரும் வியந்தனர். ஆச்சி மட்டும் நெடுநேரம் உற்று நோக்கிவிட்டு, "நல்லாத்தான் இருக்குய்யா, ஆனா இது ஆரு?" என்றார். யாவரும் நகைத்தோம்.

பிரீசெட் என்பது யாதெனின், ஒருவர் தம் படமொன்றைத் திருத்துங்கால் ஒளி, நிழல், நிறம் முதலியவற்றை எவ்வளவு கூட்டினார், எவ்வளவு குறைத்தார் என்னும் அளவுகளின் தொகுப்பேயாம். அதனைப் பிறிதொரு படத்தின்மேல் ஏற்றினால், அதே கூட்டலும் குறைத்தலும் அங்கும் நிகழும். லைட்ரூம் போன்ற செயலிகளில் சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், பச்சை முதலாக 8 நிறங்களைத் தனித்தனியே மாற்றலாம். யான் ஏற்றிய பிரீசெட், சிவப்பைச் செம்மஞ்சள்பாலும் பச்சையை மஞ்சள்பாலும் திருப்பி, செம்மஞ்சளின் ஒளியை மிகுப்பது. மாந்தர் தோலின் நிறமோ, கருமையாயினும் வெண்மையாயினும், பெரும்பாலும் செம்மஞ்சட் பகுதியிலேயே அடங்கும். ஆதலின் ஆச்சியின் முகம் வெளுத்தது. அரக்குச் சேலை தேன்நிறமாயிற்று. வாழையிலை சருகுபோல் ஆயிற்று. அதனை அமைத்தவர்மேற் குற்றமில்லை. அவ்வளவுகள் அவர் படத்துக்குப் பொருந்தியனவே.

ஒருவர் நிறத்தை எல்லார்க்கும் அளவாக்கும் இவ்வழக்கம் புதியதன்று. பிலிம் வழங்கிய காலத்தில், கோடாக் கம்பெனியார் வண்ணப்படம் அச்சிடும் நிலையங்கட்கு மாதிரி அட்டைகளை அனுப்பிவந்தனர். 'ஷெர்லி அட்டை' என்பது அவற்றின் பெயர். அவற்றில் நெடுங்காலம் இருந்தவர் வெண்ணிறப் பெண்டிரே. அம்முகம் செவ்வையாக அமைந்தால் அச்சும் செவ்வையென்று கொள்ளப்பட்டது. கருநிறத்தார் முகம் இருளில் மறைந்ததைப் பலர் பொருட்படுத்தவில்லை. பல நிறத்தாரும் சேர்ந்து தோன்றும் அட்டை 1990-களிலேதான் வந்தது.

நிற்க. பங்குனி மாதத்தில் ஆச்சி காலமானார். சுவரில் மாட்டுதற்குப் படம் வேண்டுமென்று என் தாயார் கேட்டார். கைப்பேசியில் இடமில்லையென்று மூலப்படத்தை யான் முன்னரே அழித்திருந்தேன். எஞ்சியது திருத்திய படமே. அளவுகளைப் பின்னோக்கித் திருப்பிப் பார்த்தேன், பயனில்லை. ஜேபெக் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை 256 படிகளே உண்டு. ஒளியை மிகுத்தபோது, வெயில் பட்ட நெற்றியிலும் கன்னத்திலும் பல படிகள் 255-ஐ எட்டி ஒன்றாய்விட்டன. அவ்விடத்தை மீண்டும் கருமையாக்கினாற் சாம்பற்பூச்சு வருகின்றதேயன்றி, ஆச்சியின் சுருக்கங்கள் வருவதில்லை. அப்படமே இன்று எங்கள் கூடத்தில் தொங்குகின்றது. வருவோர் அழகென்கின்றனர். என் தாயார் ஒருநாள் அதனைத் துடைத்துக்கொண்டே, "அம்மா இவ்வளவு வெளுப்பு இல்லையே" என்றார். 'இது ஆரு?' என்ற ஆச்சியின் வினாவுக்கு அன்று நகைத்த எனக்கு, இன்று விடை கூற வாயில்லை.

இதனாற் பிரீசெட்டையே வெறுத்தொதுக்க வேண்டுமென்பது என் கருத்தன்று. யாப்புப் பயில்வார்க்குத் தேமா, புளிமா என்னும் வாய்பாடுகள் வேண்டுவனவே. ஆயின் வாய்பாடு பொருந்திய மாத்திரத்தாற் சொற்கள் பாட்டாகிவிடா. பிரீசெட்டும் அத்தகையதே. முதலில் வெள்ளைப் பொருள் வெள்ளையாகத் தோன்றுமாறு நிறத்தையும், முகம் தெளியுமாறு ஒளியையும் நேர்செய்தல் வேண்டும். பின்னரே பிரீசெட்டை ஏற்றி, அதன் வன்மையைக் குறைத்து, முகத்தை நோக்குதல் வேண்டும். கூடுமாயின் 'ரா' வடிவிற் படமெடுத்தல் நன்று; அவ்வடிவம் 14 பிட் கொண்டதாயின், ஒவ்வொரு நிறத்துக்கும் 16,384 படிகள் உண்டு. நம் ஊர் வெயிலுக்கும் நம்மவர் முகத்துக்கும் ஏற்ற பிரீசெட்டை நாமே அமைத்துக்கொள்ளலும் கூடும். இவையனைத்தினும் மேலாக, மூலப்படத்தை அழியாது காத்தல் வேண்டும்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்காள்! உங்கள் வீட்டு முதியோரைப் படமெடுங்கள். எடுத்ததை முதலில் அவர்களிடமே காட்டுங்கள். 'இது நான்தான்' என்று அவர்கள் சொல்லுவார்களாயின், அப்படத்திற்கு வேறு அழகு வேண்டுவதில்லை.