கடைசிக் காட்சியை இன்னொரு தடவை போடு

விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டில் மக்காச்சோளம் நிற்கிற வரைக்கும் அந்தச் சம்சாரிக்கு வீட்டில் படுக்கை கிடையாது. காட்டுப்பன்றிக்குப் பயந்து டார்ச் லைட்டும் தகர டப்பாவுமாகப் பிஞ்சையிலேயே காவல் கிடப்பார். கதிர் அறுத்து, மூட்டையை ஏற்றி அனுப்பிய பிறகுதான் ராத்திரிச் சாப்பாட்டை வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருக்கிற மகன் தீபாவளிக்கு வாங்கி மாட்டிவிட்டுப் போன பெரிய டி.வி.யை அவர் நிதானமாகப் பார்த்ததே அப்போதுதான்.

மகள் வழிப் பேரன் ஒன்பதாவது படிக்கிறான், தாத்தா வீட்டில்தான் இருக்கிறான். செல்போனில் இருந்து டி.வி.க்குப் படத்தை அனுப்பும் வித்தை அவனுக்குத்தான் தெரியும். "விவசாயிங்க படமா போடுதேன் தாத்தா" என்று ஆரம்பித்தான்.

முதல் நாள் 'கடைக்குட்டி சிங்கம்'. 2018-ல் வந்த கார்த்தி படம். ஐந்து அக்காமார், ஒரு தம்பி, வீடு நிறைய சொந்தம். வீட்டம்மாவுக்கு ரொம்பப் பிடித்தது. அவருக்கும் பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. "ஆனா இவளே, அந்தப் பையன் வேட்டியைப் பாத்தியா? அழுக்கே ஏறலை" என்றார். சம்சாரி என்று மார்தட்டிச் சொல்ல ஒரு கதாநாயகன் வந்ததில் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். மறுநாள் டீக்கடையில் அவரே நாலு பேருக்குக் கதை சொன்னார்.

அடுத்து 'கத்தி', 2014-ல் வந்தது. படத்தில் வரும் தன்னூத்து கிராமம் திருநெல்வேலிச் சீமை என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். நகரத்துக்குத் தண்ணீர் போகும் குழாய்க்குள் கிழவர்கள் போய் உட்காருகிற இடத்தில் பேரன் விசிலடித்தான். அவர் அடிக்கவில்லை. "காப்பாத்துறதுக்கு வெளியூர்ல இருந்து ஒருத்தன் வரணும். வராட்டா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார்.

'தண்ணீர் தண்ணீர்' அவர் முன்பே பார்த்தது. 1981-ல் வந்த பாலசந்தர் படம். வாலிபத்தில் டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்து பார்த்தவர். அத்திப்பட்டிக்கு மாட்டு வண்டியில் தண்ணீர் கொண்டுவருவதைப் பேரன் பார்த்து, "நெசமாவே இப்படியா இருந்துச்சு?" என்று கேட்டான். வீட்டம்மா பதில் சொல்லவில்லை.

'கூழாங்கல்' பார்த்த ராத்திரிதான் பதில் வந்தது. ராட்டர்டாம் பட விழாவில் 2021-ல் புலி விருது வாங்கிய படம். ஒன்றேகால் மணி நேரம்தான். குடிகாரத் தகப்பனும் சின்னப் பையனும் மொட்டை வெயிலில் நடக்கிறார்கள். தாகத்துக்குப் பையன் வாயில் ஒரு கூழாங்கல்லை அடக்கிக்கொள்கிறான். "இதுல கதை எங்க ஆச்சி?" என்றான் பேரன். கடைசியில் ஒரு பெண் குழியில் ஊறுகிற தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கோரிக் குடத்தில் ஊற்றுகிறாள். காட்சி நீண்டுகொண்டே போகிறது. படம் ஓட ஓட வீட்டம்மா பேச ஆரம்பித்துவிட்டார். கல்யாணமாகி வந்த புதிதில் வைப்பாற்று மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் கோரி, ஒரு குடம் நிறையும் வரை குனிந்தபடியே இருந்தது. இடுப்பில் குடம், கையில் பிள்ளை. "இதை எடுத்தவன் பக்கத்துல நின்னு பாத்திருக்கான்" என்றார். அந்த வீட்டில் எந்தப் படத்துக்கும் கிடைத்த பெரிய விருது அதுதான்.

'கடைசி விவசாயி'க்கு மட்டும் அவர் அண்டை வீட்டுக்காரரையும் கூப்பிட்டார். 2022-ல் வந்தது. உசிலம்பட்டிப் பக்கத்து முதியவர் நல்லாண்டி மாயாண்டியாகவே வாழ்ந்திருக்கிறார். படம் வெளியாகும் முன்பே காலமாகிவிட்டார். தேசிய விருதுக் குழுவின் சிறப்புப் பாராட்டு அவர் மறைவுக்குப் பிறகுதான் வந்தது. செத்துக் கிடந்த மயில்களைப் புதைத்த மாயாண்டி மீது, கொன்றதாக வழக்குப் போடுகிறார்கள். இதில் ரெண்டு பெரியவர்களும் ஒரு மணி நேரம் படத்தை நிறுத்திவைத்துப் பேசினார்கள். விதைத்த உளுந்தை மயில் கிளறித் தின்கிறது. கைவைத்தால் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம். போதாததற்கு அது முருகன் வாகனம். மாயாண்டியின் பயிரைக் கவனிக்கச் சொல்லி ஒரு போலீஸ்காரரை நீதிபதி அனுப்புகிறாரே, அது அண்டை வீட்டுக்காரருக்குப் பிடித்தது. "அந்தம்மா நல்லவுக" என்றார். "நல்லவுகதான். ஆனா பயிரு ஆள் மாறுனா கண்டுபிடிச்சிரும்" என்றார் இவர்.

இதற்கிடையில் டி.வி. மேஜையில் ஒரு தாள் கிடந்தது. சோலார் கம்பெனிக்காரர்கள் அந்தப் பக்கம் ஊர் ஊராக நிலம் கேட்டு வருகிறார்கள். ஆறு ஏக்கர் மானாவாரிக்கும் குத்தகை; ஏக்கருக்கு வருஷம் 30,000 ரூபாய்; கெடு 29 வருஷம் 11 மாதம். மகன் போனில் சொன்ன கணக்கில் தப்பில்லை. மழை பொய்த்தாலும் படைப்புழு விழுந்தாலும் பணம் வரும். நல்ல மழை பெய்த வருஷத்தில்கூடச் செலவு போக 1,80,000 நின்றதில்லை. அவருக்கு வயது 63. ராத்திரிப் பன்றிக் காவலுக்கு முழங்கால் ஒத்துழைப்பதில்லை. கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தார்.

அந்த வாரம் பேரன் 'மேற்குத் தொடர்ச்சி மலை' போட்டான். லெனின் பாரதி எடுத்து 2018-ல் வந்த படம். தேனிப் பக்கத்து மலையில் மூட்டை சுமக்கும் ரங்கசாமிக்குத் துண்டு நிலம் வாங்குவது ஒன்றே கனவு. பணம் சேர்ப்பதற்காக வாங்கிய ஏலக்காய் மூட்டை மலைச்சரிவில் சிதறும்போது வீட்டம்மா "ஐயய்யோ" என்று வாய்விட்டே கத்தினார். எப்படியோ நிலம் வாங்குகிறான். பிறகு கடன், கைமாற்றம். கடைசியில் தன் நிலமாக இருந்த அதே இடத்தில், காற்றாடிக்குக் காவல்காரனாக யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு போய் உட்காருகிறான்.

யாரும் எழுந்திருக்கவில்லை. பேரன் அடுத்த படத்துக்குத் தேட ஆரம்பித்தான்.

"ஏலே, அந்தக் கடைசிக் காட்சியை இன்னொரு தடவை போடு."

போட்டான். அவர் கிட்டே போய் நின்று பார்த்தார். அவர் பார்த்தது ரங்கசாமியின் முகத்தை அல்ல.

"காத்தாடிக்குக் கீழ மண்ணு சும்மாதான் கெடக்கு. வெதைக்கலாம். கயத்தாறுல வெதைச்சிருக்கான், நானே பாத்திருக்கேன். சோலார் தட்டுக்குக் கீழ?"

பேரனுக்குத் தெரியவில்லை. தட்டுகளைச் சுற்றி வேலி போட்டிருப்பதைப் பள்ளிக்கூட பஸ்ஸில் போகும்போது பார்த்ததாக மட்டும் சொன்னான்.

வீட்டம்மா தாளை எடுத்துப் பேரனிடம் கொடுத்து, முழுவதையும் வாசிக்கச் சொன்னார். மூன்றாவது பக்கத்தில் சர்வே நம்பர்கள் வந்தன. "நிறுத்து. அந்த ரெண்டாவது நம்பர் யாரு பேர்ல இருக்கு?"

"ஆச்சி பேர்ல."

சங்கிலியை விற்று வாங்கிய ரெண்டு ஏக்கர். ஆறு ஏக்கருக்கும் நடுவில் கிடக்கிறது. அதை விட்டுவிட்டுக் கம்பெனிக்காரர்கள் இரண்டு பக்கமும் தட்டு போட முடியாது. தாள் வந்து பத்து நாளாகிறது. இந்தப் பத்து நாளில் கணவரோ மகனோ அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நான் உங்கிட்ட சொல்லணும்னுதான்..." என்று இழுத்தார் சம்சாரி.

"மகன்கிட்ட மட்டும் போன்ல பேசத் தெரிஞ்சுதே" என்று மட்டும் சொன்னார் அந்தம்மா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் திருப்பூரிலிருந்து போன். கையெழுத்து ஆகிவிட்டதா என்றுதான் கேட்டான். அவர் போனை மனைவியிடம் நீட்டினார்.

"வெள்ளிக்கிழமை புரோக்கர் வாரானாம்லே? வரட்டும். முப்பது வருஷம் கழிச்சு அந்தத் தட்டையெல்லாம் யாரு கழட்டுவா, மண்ணு எப்படித் திரும்பி வரும்னு எனக்குச் சொல்லட்டும். ரெண்டு ஏக்கருக்கு நான்தான் கேக்கணும். நாலு ஏக்கருக்கு உங்கப்பா கேக்கட்டும். நீ சித்திரைக்கு லீவு போட்டுட்டு வா, உக்காந்து பேசுவோம்."

போனை வைத்துவிட்டு, கோடைமழை விழுந்தால் உழவுக்கு டிராக்டர்காரரிடம் இப்போதே சொல்லி வைக்கலாமா என்று கணவரிடம் கேட்டார். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.